கொப்பரைக்குள் போன வால்

புருல்சா கடைச் சோப்பை வீட்டுக்குள் விட்டதே கிடையாது. ஆட்டுக் கொழுப்பு, உப்புச் செடியை எரித்த சாம்பலில் இறக்கிய காரத் தண்ணீர், ஒரு பெரிய இரும்புக் கொப்பரை, இவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. அதில் விளையும் கறுப்புக் கட்டியால் அந்த வீட்டில் தலை, தட்டு, தரை, கம்பளம், குதிரையின் முதுகு எல்லாமே கழுவப்பட்டன. பல்லுக்கு உப்பும் கரித்தூளும், முகத்துக்குத் தயிராடை, வெடித்த குதிகாலுக்குக் கொழுப்பில் உருக்கிய தேன்மெழுகு. அத்-பாஷி என்ற அந்த மலையூரில் அவள் தோலைக் குறை சொன்னவர் யாருமில்லை. முற்றத்து நாற்றத்தைச் சொல்லாதவரும் யாருமில்லை.

அந்த நாற்றத்தால் மகன் துராத்தின் கல்யாணம் ஏற்கெனவே ஒருமுறை முறிந்திருந்தது. பெண் வீட்டார் வாசல்வரை வந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, வயலில் அவசர வேலை இருப்பதாகச் சொல்லிப் போய்விட்டார்கள். அது வயலெல்லாம் பனி மூடிக் கிடந்த ஜனவரி மாதம். துராத்துக்கு இப்போது முப்பத்தெட்டு வயது. மேரிம் என்ற பெண் எப்படியோ அவனுக்குச் சம்மதம் சொல்லியிருந்தாள். அவளுடைய அம்மா அப்பா இன்று விருந்துக்கு வருகிறார்கள்.

அப்படிப்பட்ட நாளிலும் கொப்பரையை ஏற்றுவாளா ஒருத்தி? ஏற்றினாள். காலையில் விருந்துக்கு ஆடு அறுத்தார்கள். குடல் கொழுப்பை நாய்க்குப் போட அவளுக்கு மனம் வரவில்லை.

"அம்மா, இன்னைக்கு ஒருநாள் வேணாம்மா. கால்ல வேணா விழறேன்."

"மத்தியானத்துக்குள்ள இறக்கிடுவேன்டா. அவங்க சாயங்காலம்தானே வராங்க?"

அவர்கள் மத்தியானமே வந்தார்கள். வண்டிச் சத்தம் கேட்டதும் புருல்சாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குடல் கொழுப்பைக் கண்ணில் படாமல் ஒழிக்கவேண்டும். துணி போட்டு மூடியிருந்த இரண்டு பேசின்களில் ஒன்றைத் தூக்கிக் கொப்பரையில் கவிழ்த்து, மூடியைப் போட்டு, சிரித்த முகத்தோடு வாசலுக்கு ஓடினாள்.

தேநீர் ஆயிற்று, ரொட்டி ஆயிற்று. அடுத்து, வழக்கப்படி, சம்பந்திகள் ஒருவருக்கொருவர் வேகவைத்த ஈரலும் அந்த ஊர் ஆட்டின் பருத்த வாலில் திரளும் கொழுப்பும் ஊட்டவேண்டும். வந்தவர்களுக்காக அறுத்த ஆட்டின் வால்தான் ஆகும், வேறு வால் செல்லாது. அந்த ஒரு வாய் உள்ளே போனால் கல்யாணம் நிச்சயம். போகாவிட்டால் வந்தது வெறும் தேநீருக்கு.

புருல்சா அடுக்களைக்குப் போய் மிச்சமிருந்த பேசினின் துணியை விலக்கினாள். உள்ளே குடல் கொழுப்பு இருந்தது.

"ஐயோ, நாசமாப் போச்சே!" என்றாள். பிறகு ஈரலை மட்டும் தட்டில் வைத்து எடுத்துப் போனாள். வேறென்ன செய்ய?

மேரிமின் அம்மா உல்ஜான் தட்டைப் பார்த்தாள். அதிகம் பேசாத பெண்மணி.

"வால் எங்க, சம்பந்தியம்மா?"

"சோப்புல போயிருச்சு."

மேரிமின் அப்பா தொப்பியைத் தேடினார். துராத் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டான். உல்ஜான் மட்டும் எழுந்து நேரே முற்றத்துக்குப் போனாள். புருல்சா பின்னாலேயே ஓடினாள்.

"மூடியத் திறக்காதீங்க சம்பந்தியம்மா. வெளியாள் கண்ணு பட்டா திரிஞ்சிரும்."

"திரியட்டும். திரிஞ்சா நாங்க கிளம்பறோம்." மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "எங்களுக்குன்னு அறுத்த வாலு. அது என்னாகுதுன்னு பார்த்துட்டுத்தான் போவேன்."

இரண்டு பெண்களும் நெருப்பின் இரு பக்கமும் உட்கார்ந்தார்கள். புருல்சா துடுப்பால் கிண்டினாள். கொப்பரை பொங்கியது, அடங்கியது, தண்ணீராகவே நின்றது. இத்தனை வருஷம் ஒழுங்காகக் கொதித்த சனியன் இன்றைக்குக் கழுத்தை அறுக்கிறதே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பையன் குடிப்பானா?" உல்ஜான் திடீரென்று கேட்டாள்.

"கல்யாண வீட்ல குடிப்பான்."

"எம் மவளுக்கு வாய் நீளம்."

"இந்த வீட்ல பேச ஆளே இல்ல. நீளமாவே இருக்கட்டும்."

உல்ஜான் துடுப்பை வாங்கிக் கிண்ட ஆரம்பித்தாள். நிழல் வேலியைத் தொட்டபோது துடுப்பிலிருந்து சொட்டுவது நின்றது. குழம்பு இறுகி, கறுப்பாக, நூல்போல இழுபட்டு இறங்கியது. உல்ஜான் ஒரு விள்ளலை எடுத்து ஊதி ஆற்றி, வாளித் தண்ணீரில் கை நனைத்துத் தேய்த்தாள். முழங்கைவரை நுரை ஏறியது.

"கெட்டி நுரை," என்றாள். கையை அலசினாள். மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள். "ஈரலைக் கொண்டா."

புருல்சா தட்டோடு வந்தாள். உல்ஜான் ஒரு துண்டை எடுத்து அவள் வாயருகே நீட்டினாள்.

"வாலு கையில இருக்கு, ஈரல் விரல்ல இருக்கு. வாயைத் தொற."

புருல்சா வாயைத் திறந்தாள். காரம் நாக்கைச் சுட்டது. துப்பவில்லை, மென்று விழுங்கினாள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அழுதுகொண்டே துடுப்பில் ஒட்டியிருந்த சோப்பைத் தொட்ட கையோடு அடுத்த துண்டை எடுத்து உல்ஜானுக்கு ஊட்டினாள். உல்ஜானும் விழுங்கினாள்.