சாவு விழாத துக்க வீடு

எங்கள் கில்நாலா கத்தோலிக்கப் பங்கில் ஒருவர் இறந்துவிட்டால் அந்த வீட்டார் சுண்டுவிரலைக்கூட அசைக்க வேண்டியதில்லை. சவ வண்டி சாலை வளைவில் திரும்புவதற்குள் பங்கு மன்றத்து நாற்காலிகள் முற்றத்தில் இறங்கிவிடும். கூடவே பெரிய தேநீர்க் கொதிகலனும் வந்துவிடும். அடுப்படி மேசையில் முட்டை சாண்ட்விச்சுகள் ஈரத்துணி போர்த்தி அடுக்கியிருக்கும். மினுங்கும் மஞ்சள் மேற்சட்டை போட்ட ஆண்கள் வயல் வாசலில் நின்று கார்களை வரிசையாக நிறுத்துவார்கள். யாரோ மாடுகளைக் கறந்து முடித்திருப்பார்கள். யாரென்று கடைசி வரை தெரியாது. பிறகு ஊரே வரிசையில் வந்து கைகுலுக்கும். "உங்க துன்பத்துக்கு வருந்துறேன்" என்று ஒவ்வொருவரும் சொல்வார்கள். கிழக்கு கால்வே முழுக்கத் தேடினாலும் இதில் எங்களை மிஞ்ச ஆள் கிடையாது.

வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனித்துக்கொண்டதுதான் என் ஆயுள்கால வேலை. அதனால் சாவு வீடுகள் எனக்குப் புதிதல்ல. எங்கள் இந்தத் திறமையைப் பற்றி வெளியூர்க்காரர்களிடம் நானும் பெருமை பேசியதுண்டு. அதன் முகத்தில் காறித் துப்பியவள் அட்ராக்டா கெராட்டி. அவள் செய்தது சரி.

அட்ராக்டா மாட்டுச் சந்தையின் சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுகிறவள். பன்றி இறைச்சி, முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, மேலே வெள்ளைச் சாறு. "இன்னும் ரெண்டு உருளைக்கிழங்கு போடவா, இல்ல உன் தொப்பைக்கு உன் பொண்டாட்டி என்னைத் திட்டுவாளா?" என்று ஏலக்காரனையே கேட்பாள். அவளுடைய ஒரே மகன் எண்டா. வெல்டிங் வேலை செய்தான், எங்கள் சங்கத்துக்காக ஹர்லிங் ஆட்டத்தில் மட்டை பிடித்து ஓடினான். இருபத்தாறு வயதில், ஒரு மார்ச் மாதத்தில், தற்கொலை செய்துகொண்டான். உள்ளூர் வானொலியின் மரண அறிவிப்பில் "திடீர் மறைவு" என்று வாசித்தார்கள்.

கைகுலுக்கும் வரிசை சாலை வரை நீண்டது. வந்தவர்கள் அழுதுகொண்டே ஏதாவது சொன்னார்கள். "கிறிஸ்துமஸுக்கு அப்புறம் அவன் பயிற்சிக்கே வரல, நான் கவனிச்சேன், அட்ராக்டா." "கடையில நின்னு பேசினேன், முகமே சரியில்ல, பாவம்." "அவனோட கருவியெல்லாம் என் பையனுக்குக் குடுத்துட்டான். இனிமே வேண்டாம்னு சொன்னான்."

அன்று சாயங்காலம் கோப்பைகளைக் கழுவும்போது அட்ராக்டா என்னிடம் சொன்னாள்: "நோரீன், எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. ஆளுக்கொரு துண்டா வச்சிருந்திருக்காங்க. இப்ப சாண்ட்விச்சோட சேத்து எங்கிட்ட கொண்டாந்து குடுக்குறாங்க."

"யாருக்கும் சொல்லத் தோணலையா?"

"அடுத்தவங்க வீட்டு விஷயத்துல தலையிடக் கூடாதாம். இப்ப மட்டும் என் அடுப்படியில எத்தனை பேர் நிக்கிறாங்க பாரு!"

அடுத்த ஆண்டு, பக்கத்து நகரத்தில் நடந்த தற்கொலைத் தடுப்புப் பயிற்சி வகுப்புக்கு நான் போனபோது அவளும் கூட வந்தாள். மோசமான மாணவி. எதற்கெடுத்தாலும் குறுக்கே பேசினாள். சந்தேகம் வந்தால் நேராகக் கேளுங்கள், கேட்பதால் யாருக்கும் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது, ஆளைத் தனியாக விடாதீர்கள், உதவி வரும் வரை கூட இருங்கள் என்று ஆசிரியை சொன்னதும் மேசையைத் தட்டினாள்.

"இவ்வளவுதானா? இதை எங்களுக்கு முன்னாடியே சொல்லக் கூடாதா? கன்னுக்குட்டிக்கு வயித்தால போனா என்ன பண்ணணும்னு சந்தையில மூணு சுவரொட்டி ஒட்டியிருக்கு. மனுஷனுக்கு ஒண்ணு கிடையாதா?"

மறுவாரமே உதவி எண் அச்சிட்ட சுவரொட்டியைச் சாப்பாட்டுக் கூடத்தில் ஒட்டினாள். சாப்பிடுகிற இடத்தில் இதெல்லாம் எதற்கு என்று நிர்வாகி கிழித்தார். கொட்டகைக் கூரைக்குப் பூசும் பசையை வாங்கி வந்து மறுபடி ஒட்டினாள். அது இன்னும் அங்கேயே இருக்கிறது. கிழிக்க வேண்டுமென்றால் சுவரையும் சேர்த்துத்தான் கிழிக்க வேண்டும்.

எண்டாவின் இரண்டாம் நினைவு நாள் நெருங்கியது. ஞாயிறு பூசை முடிந்ததும் மன்றத்தில் கூட்டம் போட்டார்கள். ஹர்லிங் சங்கத் தலைவர் மாலக்கி டூஹி எழுந்து திட்டத்தைச் சொன்னார்: டிராக்டர் ஊர்வலம், முடிவில் கோயில் வாசலில் எண்டாவின் பெயர் பொறித்த ஒரு பெஞ்சு.

"என் பையன் ஒரு இடத்துல உக்காந்து நான் பாத்ததே இல்ல, மாலக்கி" என்றாள் அட்ராக்டா. "பெஞ்சு உனக்கு வேணும்னா உன் வீட்டு வாசல்ல போட்டுக்க."

"மரியாதைக்குத்தான் அட்ராக்டா சொல்றோம்..."

"டிராக்டர் எத்தனை வரும்?"

"எல்லாரும் வருவாங்க. கோல்மன் ஃபாஹி மட்டும் சந்தேகம். அவன்தான் யார்கிட்டயும் பேசுறதில்லயே."

கோல்மன் ஐம்பதைத் தொட்டவர், தனி ஆள். அவருடைய மாடுகளுக்குப் பரிசோதனையில் காசநோய் தெரிந்தது. பாதி மந்தையை வெட்டுக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், பிறகு மீதியையும். அன்று அந்த முற்றத்தில் அண்டை வீட்டார் ஒருவர்கூட நிற்கவில்லை. தங்கள் மாட்டுக்குத் தொற்றிவிடுமோ என்று பயம். அதோடு, கூச்ச சுபாவமுள்ள மனிதர், தொந்தரவு செய்ய வேண்டாம் என்ற அந்தப் பழைய மரியாதை.

"சந்தைப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு" என்றது பின்வரிசையில் ஒரு குரல்.

"பூசைக்கும் வர்றதில்ல."

"நாயைக்கூட அவன் சித்தப்பா மகன் டோனால்கிட்ட குடுத்துட்டானாமே."

அட்ராக்டா பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். "நாயைக் குடுத்துட்டானா?"

அவரவர் கையிலிருந்த துண்டு என்னவென்று அப்போதுதான் அவர்களுக்கே புரிந்தது.

"மறுபடியுமா!" என்று கத்தினாள். "என் பையன் பேரைச் சொல்லி உக்காந்துக்கிட்டு, மறுபடியும் ஆளுக்கொரு துண்டா வச்சிருக்கீங்களா? மாலக்கி, நாளைக்குக் கோல்மன் செத்துப்போனா யாரெல்லாம் வருவீங்க?"

மாலக்கி யோசிக்காமல் சொன்னார்: "ஊரே வரும்."

"யாரு நாற்காலி இறக்குவா? யாரு கார் நிறுத்துவா?"

"நான்தான்... எப்பவும் நான்தானே."

"அப்ப இன்னைக்கே வாங்க. செத்தப்புறம் உங்க முட்டை சாண்ட்விச்சு அவனுக்கு எதுக்கு?"

என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். காரில் நான் சொன்னேன்: "முதல்ல நாம மட்டும். கூட்டத்தைப் பாத்தா மிரண்டுடுவான்." அதற்கு மட்டும் ஒப்புக்கொண்டாள்.

கோல்மன் பால் கறக்கும் கொட்டகையில் இருந்தார். மாடு ஒன்றுகூட இல்லாத கொட்டகையின் தரையைக் குழாய்த் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிக்கொண்டிருந்தார்.

"தண்ணியை நிறுத்து, கோல்மன்" என்றாள் அட்ராக்டா. "யாருக்காகக் கழுவுற?"

"பழக்கம்."

"நாய் எங்க?"

"டோனால் வீட்டுல. அங்க நல்லா இருக்கும்."

"உன்கூட இருந்தா நல்லா இருக்காதா?"

குழாயிலிருந்து தண்ணீர் அவர் காலணிமேல் ஓடிக்கொண்டிருந்தது.

"எனக்குச் சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாது" என்றாள். "தற்கொலை பண்ணிக்கணும்னு நினைக்கிறியா?"

பயிற்சி பெற்றவர்கள் இந்தக் கேள்வியைப் பஞ்சில் பொதிந்து கேட்பதை நான் பார்த்திருக்கிறேன். இவள் இன்னும் கொஞ்சம் சாறு வேண்டுமா என்பதுபோலக் கேட்டாள்.

"ஆமா" என்றார் கோல்மன். குழாயை மூடிவிட்டு, "யாரும் கேக்கல" என்றார்.

"இப்ப கேட்டுட்டோம். உள்ள வா, தேத்தண்ணி போடலாம்."

அடுத்த வேலை என்னுடையது. அந்த வீட்டில் இருக்கக் கூடாததையெல்லாம் அப்புறப்படுத்தினேன். ஞாயிற்றுக்கிழமை மருத்துவர் எண்ணை அழைத்தேன். காத்திருக்கச் சொல்லித் தொலைபேசியில் பாட்டு ஓடியது. நாங்கள் இரண்டாவது கெட்டில் வைக்கும் வரை பாட்டே ஓடியது. கடைசியில் ஒரு பெண் எடுத்து, அவசரமா என்று கேட்டாள். என் வாயிலிருந்து வந்ததைப் பூசைக்குப் போகிற பெண்மணி சொல்லக் கூடாது. மருத்துவர் வந்தார். மனநலப் பிரிவில் ஆறு வாரம் கழித்து நேரம் தருவதாகச் சொன்னார்கள். மறுநாள் காலை அவர்களுடைய வரவேற்பறையில் கம்பளி பின்னும் பையோடு போய் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கே நேரம் கிடைத்தது. என்னைப்போல ஒரு கிழவி வந்து வழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தால்தான் திறக்கிற கதவு என்ன கதவு? உட்கார ஆளில்லாதவர்கள் என்ன செய்வார்கள்?

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கே திரும்புகிறேன். தேநீர் குடித்ததும் அட்ராக்டா கேட்டாள்: "ஊர்க்காரங்க வரணும்னு நிக்கிறாங்க. வரச் சொல்லவா?"

"வேண்டாம்னா கேக்கவா போறீங்க?"

"கேப்பேன். இன்னைக்கு நீ சொல்றதுதான்."

அவர் கோப்பையைச் சுழற்றினார். "சரி. கொஞ்சப் பேர்."

கொஞ்சப் பேர் என்பதற்கு எங்கள் ஊரில் அர்த்தம் கிடையாது. சற்று நேரத்தில் கோல்மன் ஜன்னல் வழியாகப் பார்த்தார். வயல் வாசலில் மஞ்சள் மேற்சட்டையோடு மாலக்கி நின்று, கையை வீசி வீசிக் கார்களை நிறுத்திக்கொண்டிருந்தார். நாற்காலிகள் இறங்கின. கொதிகலனும் இறங்கியது.

"யாரு செத்துட்டா?" என்றார் கோல்மன்.

"யாரும் சாகல" என்றாள் அட்ராக்டா. "அதுக்குத்தான் இந்தக் கூட்டம்."

பாதிப் பேரை நான் முற்றத்திலேயே நிறுத்தி, இடிந்த வேலியைச் சரிசெய்ய அனுப்பினேன். உள்ளே வந்தவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல், வழக்கம்போலவே வரிசையில் நின்றார்கள். முதலில் நின்ற கிழவர் பேட்ஸி லாலி, வாய் பழகிப்போனதால், கோல்மனின் கையைப் பிடித்து, "உன் துன்பத்துக்கு வருந்துறேன்" என்றுவிட்டார். சொன்ன பிறகுதான் திடுக்கிட்டு வாயைப் பொத்தினார்.

கோல்மன் அவரைப் பார்த்தார். "நன்றி, பேட்ஸி" என்றார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார், அழவும் செய்தார். பின்னால் நின்றவர்களும் அதையே சொன்னார்கள். அதைவிடப் பொருத்தமாக வேறு என்ன சொல்வது?

அன்று ராத்திரி மாலக்கி அங்கேயே படுத்தார். அடுத்த நாள் பேட்ஸி. அப்படியே ஆள் மாறி ஆள் போனார்கள். மாத்திரை, மருத்துவர், மோசமான நாட்கள் எல்லாம் இருந்தன. ஒரே சாயங்காலத்தில் யாரும் குணமாகிவிடவில்லை. டோனால் நாயைத் திருப்பிக் கொண்டுவந்தபோது அது ஒரு வாரம் கோல்மனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே படுத்திருந்தது. "அதுக்கு என் புத்தி" என்றாள் அட்ராக்டா.

நினைவு நாளில் டிராக்டர்கள் கோயிலுக்குப் போகவில்லை. ஒவ்வொன்றும் ஒரு சந்துக்குள் திரும்பியது. கொஞ்ச நாளாகக் கண்ணில் படாத ஒருவர் வீட்டு வாசலில் நின்றது. ஓட்டியவர் இறங்கிப் போய்க் கதவைத் தட்டினார். கோல்மனும் ஒரு கதவைத் தட்டினார். பெஞ்சு செய்யவேயில்லை.

ஊர் இப்போது அட்ராக்டாவைப் புகழ்கிறது. அது அவளுக்கு எரிச்சல். நேற்று சந்தையில் கோல்மன் மிச்சமில்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போன தட்டை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

"அந்த நாற்காலி, அந்தக் கொதிகலன், மாலக்கியோட அந்த மஞ்சச் சட்டை. எல்லாம் எங்க வீட்டுலேருந்து ஒரு கூப்பிடு தூரத்துல அந்த மன்றத்துக்குள்ளதான் இருந்துச்சு, நோரீன். எண்டா உசுரோட இருந்தப்பவும் அங்கதான் இருந்துச்சு."

தட்டைக் கொண்டுபோய்க் கழுவும் தொட்டியில் ஓங்கிப் போட்டாள். அது உடைந்தது. அவள் குனிந்து பார்க்கவில்லை. அடுத்து நின்றவனுக்கு உருளைக்கிழங்கு போடப் போய்விட்டாள்.