சூளைக்கு வந்தவர்கள் சொன்னது

மண் பாத்திரம் செய்வது என்பது, பத்து நாள் பாடுபட்டதை ஒரு பெட்டிக்குள் வைத்து மூடி, சுவிட்சைப் போட்டுவிட்டு, மறுநாள் திறக்கும்வரை முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டிருக்கும் தொழில். பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தவர்கள், இட்லி மாவு பொங்குமா என்று இரண்டு தடவை எட்டிப் பார்த்தவர்கள் எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்களே. குளத்தூரில் என் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை, அதில் நாலு சக்கரம், ஒரு கரண்ட் சூளை. சனிக்கிழமை வகுப்பு, மற்ற நாள் ஆர்டர் வேலை. இனி என் கஷ்டத்தைக் கேளுங்கள்.

தப்பி ஓடிய கைதி

பாறசாலையிலிருந்து ரிட்டயர்டு எஸ்.ஐ. ஒருவர் வகுப்பில் சேர்ந்தார். பிரஷர் குறைய, மனசு அமைதியாகிற மாதிரி ஏதாவது பழகுங்கள் என்று டாக்டர் சொன்னாராம். சுற்றுகிற மண்ணை இரண்டு கையாலும் மெல்ல அணைத்து நடுவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று காட்டிக்கொடுத்தேன். அவர் அணைக்கவில்லை, பிடித்தார். மண் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "எலே, நேரே நில்லுலே!" என்று ஒரு அதட்டல். வகுப்பில் இருந்த அத்தனை பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். மண் மட்டும் கேட்கவில்லை.

கோபத்தில் சக்கரத்தை வேகமாக்கும் மிதியை ஒரே அழுத்தாக அழுத்திவிட்டார். மண் கிளம்பி, ஜன்னல் வழியாகப் பறந்து, பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த வெள்ளை வேட்டியில் பொத்தென்று ஒட்டிக்கொண்டது. அவர் எழுந்து கையைக் கழுவினார். ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்:

"டீச்சரே, இத்தனை வருச சர்வீசுல எனக்க கையில இருந்து தப்பிச்சு ஓடினது இந்த மண்ணு மட்டும் ஆக்கும்."

மேஸ்திரி செய்த உபகாரம்

பளபளக்கும் பூச்சுக்குள் வலை பின்னியது போல மெல்லிய கீறல்கள் ஓடுகிற ஒரு வகை உண்டு. வேண்டுமென்றே வரவழைப்பது. மூன்று தடவை தோற்று, நாலாவது தடவை கிடைத்த பூச்சாடியை நெய்யாற்றங்கரை லதா சேச்சி ஆசையாக வாங்கிப் போனார். மறுவாரம் சாடியோடு புருசனையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் கொத்தனார் மேஸ்திரி. நல்ல மனுசன். மூன்று சாயங்காலம் உட்கார்ந்து, ஒரு கீறல் விடாமல் வெள்ளை சிமெண்ட் வைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே ஒரு கோட் பெயிண்டும் அடித்திருந்தார். என் சாடி புது பாத்ரூம் சுவர் மாதிரி இருந்தது. அதை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். நன்றியில் அணைத்தேன் என்று நினைத்துவிட்டார் போல. குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"வெளியே யாருக்கும் தெரியாண்டாம் டீச்சர். எல்லா வெடிப்பும் அடைச்சாச்சு, இனி உங்களை ஒருத்தரும் குறை சொல்ல மாட்டாவ."

இரண்டு நிமிசம்

ஆனி மாத அடைமழை. பக்கத்து வீட்டு வசந்தா அக்கா, வேட்டி விவகாரத்தை மன்னித்தவர், ஒரு முறம் நிறைய அவித்த மரச்சீனிக் கிழங்குத் துண்டுகளோடு வந்தார். வெயில் இல்லை, சூளையில் வைத்து வற்றலாக்கித் தரவேண்டுமாம். "அக்கா, அதுக்குள்ள ஆயிரத்து இருநூறு டிகிரி சூடு. சாம்பல்கூட மிஞ்சாது" என்றேன். நன்றாக யோசித்துவிட்டுச் சொன்னார்:

"அப்போ ரெண்டு நிமிசம் மட்டும் வை மக்கா."

ஹெட்மாஸ்டரின் தலை

ஒற்றசேகரமங்கலம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் வகுப்பு எடுக்கப் போனேன். பிடித்ததைச் செய்யுங்கள் என்றால் பிள்ளைகள் பாம்புதான் செய்வார்கள், அது உருட்டினாலே வந்துவிடும். ஆறாம் வகுப்பு அஞ்சனா மட்டும் ஹெட்மாஸ்டரின் தலையைச் செய்திருந்தாள். மூக்கு, மீசை, அந்த முறைப்பு எல்லாம் அச்சு அசல். ஆனால் கெட்டி உருண்டையைச் சூளையில் வைத்தால் வெடித்துவிடும். அதனால் தலையை நூலால் இரண்டாக அறுத்து, உள்ளே இருந்த மண்ணைக் கரண்டியால் சுரண்டி எடுத்தேன். "உள்ளே காலியா இருந்தாத்தான் தலை தப்பும்" என்று விளக்கமும் கொடுத்தேன்.

நிமிர்ந்தால் வாசலில் ஹெட்மாஸ்டர். என் ஒரு கையில் கரண்டி, மறு கையில் அவருடைய பாதித் தலை. அஞ்சனாதான் என்னைக் காப்பாற்ற எழுந்தாள்:

"சாரே, உங்க தலைக்குள்ள முதல்ல நிறைய களிமண்ணு உண்டாயிருந்து, டீச்சர்தான் எல்லாத்தையும் எடுத்துக் களைஞ்சாவ."

மூன்று துளி

காரோட்டில் ஒரு சபையார் புது ஆலயப் பிரதிஷ்டைக்காக, திருவிருந்துக்குத் திராட்சரசம் ஊற்றும் சின்னக் கிண்ணம் இருநூறு கேட்டார்கள். எனக்கு அதுவரை வந்ததிலேயே பெரிய ஆர்டர். நன்றாக வந்தால் மற்ற சபைகளுக்கும் சொல்லுவேன் என்றார் செயலாளர் ஜெபராஜ் மாமா. மாதிரிக்கு அவர் தந்த கண்ணாடிக் கிண்ணத்தின் அளவிலேயே, மயிரிழை பிசகாமல் இருநூறும் செய்தேன். சூளையில் மண் சுருங்கும், ஆகவே கொஞ்சம் பெரிதாகச் செய்யவேண்டும் என்று வாராவாரம் போர்டில் எழுதிப் போடுகிறவள் நான்.

வெள்ளிக்கிழமை காலை சூளையைத் திறந்தபோது மாமாவும் கூட நின்றார். நிறம் அருமையான நீலம். அளவு, தையல்காரர் விரலில் மாட்டுகிற தொப்பி. மாமா ஒன்றை எடுத்து ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்த்தார். "இது குடிக்கதுக்கா, மணத்திப் பாக்கதுக்கா?"

ஞாயிற்றுக்கிழமைக்குள் மறுபடி செய்து, உலர்த்தி, சுட வழியே இல்லை. "தப்பு எனக்கதுதான் மாமா, பழைய கிண்ணத்தையே வச்சிடுங்க" என்றேன். "நோட்டீசுல புதுக் கிண்ணம்னு அடிச்சாச்சே" என்று சொல்லிப் பெட்டியில் அடுக்கி எடுத்துப் போய்விட்டார்.

ஞாயிறு ஆராதனையில் கடைசி பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆளுக்கு மூன்று துளி. எனக்கு முன்னால் ஒரு பெரியவர் கிண்ணத்தைக் கவிழ்த்து, தட்டி, மறுபடியும் கவிழ்த்தார். முடிந்ததும் ஓடிவிடலாம் என்று செருப்பைத் தேடினேன். வாசலில் ஜெபராஜ் மாமா பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் சிரிப்பு:

"கிறிஸ்துமஸ் வரைக்கும் திராட்சரசம் மிச்சம் உண்டு மக்கா, அடுத்த சபைக்கும் இதே தப்பைத் தப்பாமச் செய்து குடு."

உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்று முதலில் சொன்னவர், கண்டிப்பாக எங்கள் பக்கத்தில் சூளை வைத்திருந்தவராகத்தான் இருக்கவேண்டும்.