பட்ட பக்கத்துக்கு மருந்து

மாமாவின் புளியமரம் ஒரு முழ உயரம்கூட இல்லை. வெள்ளவத்தையில், கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில் எங்கள் ஃபிளாட் இருந்தது. அதன் பல்கனியில், தட்டையான ஒரு சாடிக்குள் அந்தப் போன்சாய் நின்றது. ஒரு பக்கம் தளிர்த்திருந்தது, மறுபக்கம் பட்டுப்போயிருந்தது. வேறு யாரென்றாலும் பட்டதை வெட்டி எறிந்திருப்பார்கள். அம்மாவின் தம்பியான மாமாவோ வேலை முடிந்து கந்தோரால் வந்ததும் சின்ன உளியோடு அதன்முன் குந்திவிடுவார். பட்டையை உரித்து, செத்த மரத்தைக் கீறிக் குடைந்து, பாட்டன் காலத்து மரம்போல ஆக்குவார். "செத்த பக்கத்திலைதான் மரத்தின்ரை வயசு தெரியும்," என்பார்.

செதுக்கிய இடம் உக்காமல் இருக்க ஒரு கந்தக மருந்து பூசுவார். அழுகிய முட்டை தோற்றுவிடும் நாற்றம். போத்தலைத் திறந்தாலே அம்மாவின் தங்கையான சின்னம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து பல்கனிக் கதவை அடித்துச் சாத்துவார்.

அந்த வருடம் சின்னம்மாவுக்குக் கனடா மாப்பிள்ளை பேசினார்கள். தனக்கு விருப்பமில்லை என்று அவர் சொல்லிப் பார்த்தார். சாதகம் பொருந்திவிட்டதால் அந்தப் பேச்சு எடுபடவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் மாப்பிள்ளையின் தாய் தகப்பன் வத்தளையிலிருந்து பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு.

அன்று மத்தியானம், அம்மா அடுப்படியில் வடை சுட்டுக்கொண்டிருக்க, சின்னம்மா சேலைக்கு ஊசி குத்தியபடியே லீவில் நின்ற மாமாவிடம் வந்தார்.

"அண்ணா, மரத்துக்கு மருந்து பூசேல்லையோ? மழைக்கு உக்கிப் போகுமெல்லோ."

மரத்தைப் பற்றி வீட்டில் ஒருவர் விசாரித்தது அதுவே முதல்முறை. மாமா உருகிப்போய் இரண்டு தரம் பூசினார். நான் வழக்கம்போலக் கதவைச் சாத்தப் போனேன். "விடு, காத்து வரட்டும்," என்றார் சின்னம்மா.

கடற்காற்று வஞ்சகமில்லாமல் வீசியது. பின்னேரம் வந்திருந்த மாப்பிள்ளையின் தாய் வடைத் தட்டைப் பார்த்தார், பிறகு அடுப்படிப் பக்கம் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமையிலும் முட்டை சமைக்கிறனீங்களோ?"

அம்மா அவசரமாகப் போட்ட சாம்பிராணி நாற்றத்துக்குத்தான் துணைபோனது. குடும்ப மானத்தைக் காப்பாற்ற மாமா சாடியையே தூக்கிவந்து நடு மேசையில் வைத்தார். செத்த பக்கத்தை அவர்களுக்கு நேரே திருப்பி விளக்கவும் தொடங்கினார். முட்டையைக்கூட மன்னித்திருப்பார்கள். கலியாணம் பேசும் வீட்டில் பட்ட மரத்தை யார் மன்னிப்பார்கள்? தேத்தண்ணி ஆறமுன்னரே எழும்பிவிட்டார்கள்.

அம்மா மாமாவைத் திட்டிய திட்டுக்கு அளவில்லை. பாவம் அவர், சாடியை மடியில் வைத்துக்கொண்டு பல்கனியில் இருந்தார். எனக்குப் பார்க்கவே அழுகை வந்தது. சின்னம்மா நகைகளைக் கழற்றிவைத்துவிட்டு வந்து அவரருகே குந்தினார். வெளுக்கத் தொடங்கியிருந்த அந்தச் செத்த பக்கத்தை விரலால் மெல்லத் தடவினார்.

"நாறேல்லையோ சின்னம்மா?" என்று கேட்டேன்.

"இல்லையே. நல்ல வாசமாய்த்தானே இருக்கு."

அவருக்குத் தடிமன் பிடித்து மூக்கடைத்துவிட்டது என்று ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அந்தக் கோபத்திலும் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார். சின்னம்மா மறுபேச்சில்லாமல் அதைக் குடித்தார்.