மீன் பெட்டியோடு வட்டுக்கோட்டைக்கு

யாழ்ப்பாணத்தில் சுற்றிப் பார்க்க இடம் தேடி இந்தப் பக்கத்துக்கு வந்தவர்கள் மன்னிக்கவும். போன மாசியில் குருநகரிலிருந்து வட்டுக்கோட்டைக்கு நான் கொண்டுபோனது, அத்தானின் நெஞ்சிலிருந்து எடுத்த நீரை.

அந்தோனி அத்தான் அக்காவின் கணவர். காலமெல்லாம் கடலில் மீன்பிடித்த மனிதர், நெஞ்சில் நீர் கட்டி மூச்சுக்குத் தவித்தார். புற்றுநோயா இல்லையா என்று வழமையான பரிசோதனையில் உறுதியாகத் தெரியவில்லை. தெரியாமல் மருந்து தொடங்க முடியாது. வட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு சிறிய ஆய்வுகூடத்தில் புதிய முறையொன்றைச் செய்து பார்க்கிறார்கள், அன்றே கொண்டுபோனால் பார்ப்பார்கள் என்றார் வைத்தியர். எடுக்க முடிந்த நீரையெல்லாம் எடுத்து, அதில் ஒரு போத்தலைக் கையில் தந்து அத்தானை வீட்டுக்கு விட்டார்கள். "குளிரா வைச்சுக் கொண்டுபோங்கோ" என்றார் தாதி. அவ்வளவுதான்.

குளிரைப் பற்றி அத்தானுக்கு யார் பாடம் எடுப்பது! மூச்சு வாங்க வாங்க மீன் கொண்டுபோகும், குளிர் காக்கும் றெஜிபோம் பெட்டியை இழுத்தார், ஐஸை நொறுக்கினார், கல்லுப்பைத் தூவி, போத்தலை நடுவில் புதைத்தார்.

"உப்புப் போட்டால்தான் குளிர் ஏறும், தம்பி. பின்னேரம் வரைக்கும் ஒண்டும் செய்யாது."

காக்கைதீவு, கல்லுண்டாய் வெளி, அராலி வழியாகப் பன்னிரண்டு கிலோமீற்றர் வரும். ஓட்டோவுக்கு இரண்டாயிரம் ரூபா.

"அண்ணை, மீன் தண்ணி சீற்றில ஊத்தாமல் பிடியுங்கோ" என்றார் ஓட்டோக்காரர்.

"மீனில்லை."

"பிறகென்ன, றாலோ?"

எரிச்சலோடு பெட்டியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன்.

ஆய்வுகூடத்தில் இருந்த பெண் பொறுமையாக விளக்கினாள். ஒவ்வொரு உயிரணுவின் மேற்பரப்பிலும் சர்க்கரைகள் ரோமம்போல நிற்குமாம். புற்றுநோய் வந்தால் அவை மாறிவிடும். கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்களில், அந்த மாறிய சர்க்கரையைப் பிடிக்கிற புரதத்தைப் பூசி உயிரணுக்களோடு கலப்பார்கள். துகள்கள் போய் ஒட்டினால் அவை மிதக்கும் சிவப்புத் திரவம் நீலமாகும், அப்படியென்றால் புற்றுநோய். சொல்லிக்கொண்டே பெட்டியைத் திறந்தவள், ஐஸில் ஒட்டியிருந்த உப்பை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"உப்பு ஆர் போட்டது?"

"நோயாளிதான்."

"ஐயோ! உப்புப் போட்டால் வெறும் ஐஸை விடக் குளிர், அண்ணை. நீர் உறைஞ்சு போச்சு. செல்லெல்லாம் வெடிச்சிருக்கும். இனி நிறம் மாறினாலும் நம்பேலாது, மாறாட்டிலும் நம்பேலாது."

"திரும்ப எடுத்துக்கொண்டு வந்தால்?"

"வாங்கோ. ஆனால் அவரின்ரை நெஞ்சில திரும்ப நீர் சேர வேணும்."

நோய் கூடினால்தான் என்ன நோயென்று தெரியுமாம்! எனக்கு அவளிலும் கோபம், தாதியிலும் கோபம். அத்தானில் மட்டும் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

இப்படி ஏதாவது கொண்டுபோகிறவர்கள் எவ்வளவு குளிர் வேண்டும் என்று முதலிலேயே வாய்விட்டுக் கேளுங்கள். போத்தலைத் துவாயில் சுற்றி, ஐஸ் படாமல் வையுங்கள். உப்பைக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள். கல்லுண்டாய் வெளியில் ஒதுங்க நிழல் கிடையாது, காலையிலேயே வெளிக்கிடுங்கள்.

திரும்பி வந்தபோது அத்தான் வாசலில் கதிரை போட்டு இருந்தார். முடிவைக் கேட்கவில்லை, வெறும் பெட்டியைப் பார்த்துக் கேட்டார்.

"குளிர் காணுமாய் இருந்ததே, தம்பி?"

"ஓம் அத்தான், நல்லாப் போதுமாயிருந்தது. முடிவு வர நாளெடுக்குமாம்."

இதை எழுதும்போது அவருக்குத் திரும்பவும் மூச்சு இழுக்கத் தொடங்கியிருக்கிறது. அக்கா பெட்டியைக் கழுவி வெயிலில் வைத்திருக்கிறாள். இந்த முறை ஐஸ் நான்தான் போடுவேன் என்று அவரிடம் சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்பார்.