மாதாவை இடுப்பில் தூக்கியவள்

திருவொற்றியூரில் எங்கள் குப்பத்து மாதா கோயிலை மூன்று முறை கட்டினார்கள். முதலில் ஓலைக் கொட்டகை. பிறகு செங்கல் கோயில். அதைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துத் தின்றுவிடவே, ரோட்டுக்கு இந்தப் பக்கம் இப்போதிருக்கும் கோயில். செங்கல் கோயில் இடிந்த மழைக்காலத்தில், ஆண்களெல்லாம் படகுகளை மேடேற்றுவதில் மும்முரமாக இருக்க, ஒரு பெண் இடுப்பளவுத் தண்ணீரில் உள்ளே போய் மாதா சொரூபத்தைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துத் தூக்கி வந்துவிட்டாள். அவள் என் அப்பாவுக்கு அத்தை. பள்ளிக்கூடத்தில் இதை நான் சொல்லாத ஆள் இல்லை. கேட்க விருப்பமில்லாதவர்களுக்கும் சொன்னேன்.

தொண்ணூறுகளின் கடைசியில், நான் ஐந்தாவது படித்தபோது, திருவிழாவுக்குக் கோயில் வரலாற்றையே நாடகமாகப் போடலாம் என்று மறைக்கல்வி வகுப்பு சிஸ்டர் முடிவு செய்தார். மாதாவைத் தூக்கி வரும் அந்த வேஷம் எனக்குத்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. வீட்டில் பிளாஸ்டிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தத்தித் தத்தி நடந்து பழகினேன்.

அந்த நேரம் பார்த்து, கொருக்குப்பேட்டையிலிருந்து சித்தி மகள் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். சித்திக்கு உடம்பு சரியில்லை, கொஞ்ச நாள் இருப்பாள் என்றார்கள். என் வயதுதான். வந்த அன்றே அம்மாவின் பக்கத்தில் என் பாய் விரிக்கும் இடம் அவளுக்குப் போனது. குழம்பில் நடுத்துண்டு மீன் அவள் தட்டுக்குப் போனது. காலையில் அம்மா அவளுக்குத்தான் முதலில் தலை பின்னினாள். எல்லாவற்றையும் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் சிஸ்டர் அந்த வேஷத்தையும் அவளுக்கே கொடுத்தபோது நேராகப் போய் நின்றேன்.

"சிஸ்டர், அந்தம்மா எங்க வூட்டு ஆளு. இவ கொருக்குப்பேட்டை. கடலையே இப்பத்தான் கிட்டக்க பாக்குறா."

சிஸ்டர் என் தோளில் கை வைத்தார். "நீ அலையா நடி. அலை இல்லாம கதையே இல்லையே" என்றார்.

அலை என்பது நீல நைலான் புடவை. நாலு பேர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முனைகளைப் பிடித்து ஆட்ட வேண்டும். முகம் கூடத் தெரியாது. அப்பாவிடம் முறையிட்டேன். தன் அத்தையின் கதையில் யாராவது ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னாலே சண்டைக்குப் போகிற மனுஷன், வலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "வுடும்மா, அவளே நடிக்கட்டும். இன்னா இப்போ?" என்றார். அப்பாவும் கட்சி மாறிவிட்டார் என்று அன்றிரவு நான் சாப்பிடவில்லை.

திருவிழா மாலையில் சித்தியை ஆட்டோவில் கூட்டி வந்தார்கள். வெயில் காலத்திலும் தலையில் இறுக்கத் துண்டு கட்டியிருந்தார். கைத்தாங்கலாக நடத்தி வந்து, முன்வரிசையில் பங்குச் சாமியாருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அந்த நாற்காலியில் ஊர்ப் பெரியவர்களே உட்காரத் தயங்குவார்கள். மகளுக்கு வேஷம், அம்மாவுக்கு நாற்காலி! புடவையின் இடுக்கு வழியாகப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

நாடகம் நன்றாகத்தான் போனது. சித்தி மகள் அலைக்குள் இறங்கி, மாதாவை இடுப்பில் தூக்கினாள். இனி அவள் பேச வேண்டும். நிமிர்ந்தவள் முன்வரிசையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். உதடு மட்டும் அசைந்தது. மைக்செட்காரர் மைக்கைத் தட்டினார். சிஸ்டர் ஓரத்திலிருந்து கிசுகிசுத்தார். அவள் காதில் எதுவும் விழவில்லை.

எனக்கு அந்த வசனம் தலைகீழாகத் தெரியும். அவளுக்கு உதவ வேண்டும் என்றெல்லாம் நினைக்கவில்லை. என் வசனம் வீணாகிறதே என்ற ஆத்திரத்தில், புடவைக்கடியிலிருந்து தொண்டை கிழியக் கத்தினேன்.

"தாயே, நீ இங்க தனியா இன்னா பண்ணுவே? வா, நம்ம வூட்டுக்குப் போலாம்!"

கடல் பேசியதைக் கேட்டுக் கூட்டம் கொல்லென்று சிரித்தது. சித்தியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் சித்தி மகள் அதே வசனத்தை மெதுவாகச் சொன்னாள். மாதாவைப் பார்த்துச் சொல்ல வேண்டியதை, தன் அம்மாவைப் பார்த்துச் சொன்னாள். என் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் அவ்வளவு சத்தமாகச் சொன்னதற்குச் சிரித்தவர்கள், அவள் முணுமுணுத்ததற்கு அழுகிறார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எல்லாம் முடிந்ததும் சித்தி என்னைக் கூப்பிட்டார். "கடலுக்கு இன்னாமா தொண்ட கீது!" என்று கன்னத்தைத் தடவினார். பிறகு என் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "அவளப் பாத்துக்கோ கண்ணு, இன்னா?" என்றார்.

தலையை ஆட்டினேன். ஆனால் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் வேறு எதற்குத் தனியாகப் பார்க்க வேண்டும்? குப்பமே அவளைத்தானே பார்த்துக்கொண்டிருந்தது!