இடப்பக்கத்துச் சுவர்

கறுப்புப் பட்டுச் சட்டை, காதில் முத்து, விரல் நிறைய மோதிரம். கழுத்தைச் சுற்றி மடிப்பு மடிப்பாக வெள்ளைத் துணி விரிந்து நிற்கும். ரொறன்ரோவில் நான் தரை துடைக்கும் ஓவியக்கூடத்தில் உள்ள, பல நூறு வருடங்களுக்கு முந்திய ஐரோப்பியப் பணக்காரி ஒருத்தியின் படம் அது. என்னோடு வேலை செய்த அக்கா முதல் நாளே, “உவ ஏன் தம்பி இடியப்பத் தட்டுக்குள்ள தலையை விட்டிட்டு இருக்கிறா?” என்று கேட்டார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அப்படிச் சிரிக்கிற ஆள் இல்லை நான். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச்சு வராது. அக்கா எனக்கும் சேர்த்துக் கதைப்பார்.

படங்களைத் தொட எங்களுக்கு அனுமதி இல்லை. அந்தப் படத்துக்கு முன்னால், பார்வையாளர்கள் உட்காரும் வாங்கை மட்டும் அக்கா நெடுநேரம் துடைப்பார். “பார், எங்களைப் பாக்கிறாளே? அங்காலதான் பாக்கிறாள்,” என்பார். உண்மைதான். பணக்காரியின் முகம் இடப்பக்கம் திரும்பியிருந்தது. அந்தப் பக்கச் சுவர் வெறுமையாக இருந்தது.

அக்காவின் கணவரை, ஊரில் சண்டை முடிந்த நாட்களில், அக்காவின் கண்முன்னால்தான் இராணுவத்தினர் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பிறகு ஒரு தகவலும் இல்லை. மகளிடம் கனடாவுக்கு வந்த பிறகும் அக்கா பொட்டையும் தாலியையும் விடவில்லை. “அவருக்குத் திதி செய்வம் எண்டு மகள் நிக்கிறாள். ஐயரோடையும் கதைச்சிட்டாள்,” என்று ஒருநாள் சொன்னார். “நானும் ஓம் எண்டிட்டன் தம்பி. இன்னும் எத்தினை வருசத்துக்கு...”

அந்தக் கிழமைதான் வழிகாட்டிப் பெண் ஒருத்தி பார்வையாளர்களுக்கு அந்தப் படத்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு விளங்கிய அளவில், கணவனையும் மனைவியையும் இரண்டு படங்களாக வரைந்திருக்கிறார்கள். கணவனுடைய படம் இடப்பக்கம் தொங்கவேண்டியது. ஏதோ ஒரு போரில் அது காணாமற் போய்விட்டது.

“என்னவாம் தம்பி?”

அக்காவின் முகத்தைப் பார்த்தேன். “புருசன்ர படம் வேற நாட்டில இருக்காம் அக்கா. பத்திரமாய் இருக்காம்,” என்றேன்.

“பிறகென்ன? ரெண்டையும் ஒரு சுவரில கொழுவ வேண்டியதுதானே!”

இரண்டு நாள் கழித்து, “ஐயரை வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன்,” என்றார். ஏனென்று நான் கேட்கவில்லை. அதன் பிறகு உண்மையைச் சொல்ல எத்தனையோ காலைகள் கிடைத்தன. ஒவ்வொரு முறையும் மெஷினைப் போட்டுத் தரையைத் துடைக்கத் தொடங்கிவிடுவேன்.

போன மாரியில் அக்கா இறந்துபோனார். நகரின் கிழக்கே ரூஜில் உள்ள மகள் வீட்டுக்குப் போனேன். வீடு நிறையச் சனம். மகள் மரண அறிவித்தல் எழுதிய தாளை என்னிடம் நீட்டினாள்.

“அங்கிள், அப்பான்ர பேருக்கு முன்னால ‘காலஞ்சென்ற’ எண்டு போடுறதோ? எல்லாரும் சொல்லினமெண்டு எழுதிப்போட்டன்.”

“போடாட்டில் ஆள் எங்கையெண்டெல்லோ சனம் கேக்கும்?” என்றார் கதிரையில் இருந்த பெரியவர் ஒருவர்.

எழுத்துக்கூட்டி வாசித்தேன். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“போடாதேங்கோ பிள்ளை,” என்றேன். “அம்மா போடவிடமாட்டா.”

மகள் தாளை வாங்கி, பேனையால் அந்த ஒரு சொல்லை வெட்டினாள்.