நூறிலிருந்து கழிக்காத ஜெசிந்தா

கருங்குழி ஜெசிந்தாவுக்கு ஒரு கெட்ட பழக்கம். யாரும் கேட்காமலேயே தன் தப்பைச் சொல்லிவிடுவாள். ரயிலில் தன்னைத் தாண்டிப் போய்விட்ட டிக்கெட் பரிசோதகரைக் கூப்பிட்டு, "சார், என் சீசன் டிக்கெட் நேத்தே முடிஞ்சிடுச்சி" என்று சொல்லி அபராதம் கட்டியவள். நாற்று நட்டு அவளை டிப்ளமோ படிக்கவைத்த அம்மா செங்கம்மாள், "உன்ன யாருடி கேட்டா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

செங்கல்பட்டில் ஒரு சின்ன கம்பெனியில் அவளுக்கு வேலை. மாமல்லபுரம் விடுதிகளுக்கு இணையத்தில் அறை பதிவு செய்துதரும் கம்பெனி. அந்த இணையதளத்தைத் தாங்க மொத்தம் மூன்று சர்வர் கணினிகள். வருகிற கூட்டத்தைப் பிரித்து அனுப்ப, முன்னால் ஒரு லோட் பேலன்சர். அது மூன்றுக்கும் சமமாகத்தான் பிரிக்கும். இரண்டாம் சர்வரோ பழசு. நாலு பேர் சேர்ந்து வந்தாலே திணறும்.

அதற்காக ஜெசிந்தா ஒவ்வொரு சர்வரிலும் ஏஜென்ட் என்று ஒரு குட்டி நிரலை உட்காரவைத்தாள். ஐந்து நொடிக்கு ஒருமுறை லோட் பேலன்சர் நலம் விசாரிக்கும். ஏஜென்ட் தன் சர்வரின் நிலையைச் சதவீதத்தில் சொல்லும். அதைப் பொறுத்து ஆள் அனுப்பப்படும். கூட்டமில்லாத நாட்களில் எல்லாம் ஒழுங்காகவே ஓடியது.

பொங்கல் விடுமுறைக்கான பதிவு காலை பத்து மணிக்குத் திறந்தது. ஐந்தே நிமிடத்தில் தளம் உறைந்துபோனது.

"இன்னா மேடம் இது? ஒண்ணும் மூணும் ஈ ஓட்டிகினு கீது. ரெண்டாவது கெழவன் மேல மட்டும் ஏறி மிதிக்கிறானுங்க!" என்றான் பக்கத்து நாற்காலி கிருபாகரன்.

ஜெசிந்தா திரையைப் பார்த்தாள். அவ்வளவு வேலை தலைமேல் இருக்கிறது என்றுதான் இரண்டாம் சர்வர் 'எண்பத்தைந்து' என்று அழுதது. லோட் பேலன்சரோ, 'இன்னும் அவ்வளவு தாங்குவேன்' என்று அதற்கு அர்த்தம் செய்துகொண்டு மேலும் ஆட்களைத் தள்ளியது. அதை நூறிலிருந்து கழித்துச் சொல்லியிருக்க வேண்டும். கழிக்க மறந்தவள் அவள்தான்.

முதலில் இரண்டாம் சர்வருக்குப் புது ஆள் போகாமல் நிறுத்தினாள். உள்ளே இருந்தவர்கள் பதிவை முடித்து வெளியேறினார்கள். பிறகு அந்த ஒரு வரியைத் திருத்தினாள். பதினொரு நிமிடத்தில் தளம் எழுந்துவிட்டது.

அதற்குள் மேனேஜர் ரவிச்சந்திரன் முதலாளிக்குப் போன் போட்டு, "கூட்டம் தாங்காம சைட்டே நின்னுபோச்சு சார்!" என்று பெருமையடித்திருந்தார். முதலாளி தாமோதரன் மதியம் பிரியாணிப் பொட்டலங்களோடு வந்து இறங்கினார்.

எல்லோரும் சாப்பிட, ஜெசிந்தா மட்டும் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. எதையும் சொல்லிவிடாதே என்று ரவிச்சந்திரன் கண்ணால் கெஞ்சினார். பயனில்லை.

"சார், கூட்டத்தால நிக்கல. நான் கணக்கத் தலைகீழாப் போட்டுட்டேன்."

தாமோதரன் கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது. "அப்ப கூட்டம் வரலியா?"

"வந்துச்சு சார். மொத்தமும் ஒருத்தன் தலையிலயே வந்துச்சு."

"வந்துச்சில்ல?" கவளம் வாய்க்குள் போனது. "அப்புறம் இன்னாத்துக்கு மூஞ்சத் தூக்கி வச்சிகினு கீற? துன்னும்மா."

ரவிச்சந்திரனுக்குத்தான் புரையேறியது. கிருபாகரன் அவர் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தான். ஜெசிந்தா பொட்டலத்தைப் பிரித்தாள், நல்ல பசி.